பின்பக்க ஷாக்கைத் தொடக் கூடாதா?



சென்ற வாரம் இயற்பியல் ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ரிமோட் கார் பந்தயம் - விதிகள்" என்று தலைப்பு. மொத்தம் ஆறு விதிகள். அதில் ஐந்து விதிகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்காவது விதிதான் தூங்க விடவில்லை. "வண்டியின் எந்தப் பாகத்தையும், குறிப்பாகப் பின்பக்க ஷாக் அப்சார்பரை, யாரும் கழற்றவோ மாற்றவோ கூடாது." ‘குறிப்பாக’ என்ற வார்த்தைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு வேறு!

அந்தச் சிவப்புக் கோடு எனக்காகப் போட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த விதி தவறு என்பது என் கருத்து. அதைச் சுவரிதழில் எழுதலாமா என்று சாரிடமே போய்க் கேட்டேன். "தாராளமா எழுது. ஆனா காரணத்தோட எழுது, கோபத்தோட எழுதாதே" என்றார். ஆகவே காரணத்தோடு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. ஆசிரியர் குழு அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு சார்ட் பேப்பர் வாங்கியிருக்கிறேன். முதல் தாள் முடிந்ததும் வலது பக்கத் தாளுக்கு வரவும்.

புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பழங்கதை. நம் பள்ளியில் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர், ஊருக்கு வந்தபோது நம் அறிவியல் மன்றத்துக்கு இரண்டு ரிமோட் கார்களைக் கொடுத்தார். திருவிழாக் கடையில் தொங்குகிற பொம்மைக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில் இருக்கும் டாமியா கம்பெனியின் ‘ஹார்னெட்’ வண்டி. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். நாமே திருப்புளி பிடித்துப் பூட்ட வேண்டும். மேடு பள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்த இந்த ரகத்துக்குப் ‘பக்கி’ என்று பெயர். ஹார்னெட் முதலில் வந்தது 1984-இல். இடையில் நிறுத்திவிட்டு, 2004-இல் மறுபடியும் வெளியிட்டார்கள். நம்மிடம் இருப்பது அந்த இரண்டாம் வெளியீடு.

ஹார்னெட் என்றால் பெரிய குளவி. ஆனால் கபடி மைதானத்தில் நம் வண்டி ஓடுவதைப் பார்த்தவர்கள் தவளை என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு குதிப்பு. (தவளை என்று பெயர் மாற்றவும் வழியில்லை. 1983-லேயே ‘ஃப்ராக்’ என்று வேறொரு வண்டியை டாமியா விட்டுவிட்டது. வெட்டுக்கிளி பெயரிலும் ஒன்று உண்டு, 1984-இல் வந்த ‘கிராஸ்ஹாப்பர்’. அது நம் ஹார்னெட்டின் சொந்த அண்ணன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.)

ஏன் குதிக்கிறது? இதைப் புரிந்துகொண்டால்தான் என் வழக்கு புரியும். அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெரும்பாலான பந்தய பக்கிகளில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில் இருக்கும். இடது சக்கரம் கல்லில் ஏறினால் இடது கை மட்டும் மேலே போகும். வலது சக்கரத்துக்கு விஷயமே தெரியாது. மோட்டார் வண்டியின் உடம்போடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதே 1984-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அசோசியேட்டட் கம்பெனிக்காக ரோஜர் கர்டிஸ் என்பவர் வடிவமைத்த ‘ஆர்சி 10’ அப்படிப்பட்ட வண்டிதான். 1985-இல் டெல் மார் என்ற ஊரில் இந்த அளவு மின்சார பக்கிகளுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. இரண்டு சக்கரம் மட்டும் இயங்குகிற வண்டிகளின் பிரிவில் ஜெயித்தது அதுவே.

ஹார்னெட் வேறு ஜாதி. மோட்டார், கியர்ப் பெட்டி, அச்சு, இரண்டு சக்கரம் எல்லாம் சேர்ந்து ஒரே மூட்டை. அந்த மூட்டை முன்பக்கம் கதவுக் கீல் மாதிரி வண்டியோடு பிணைந்திருக்கும். பின்பக்கம் இரண்டு ஷாக்கில் நிற்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் போதும், மொத்த மூட்டையும் தூக்கிக்கொண்டு எழும்பும். மோட்டார் மட்டுமே ஏறக்குறைய 160 கிராம். வெறும் டிபன் பாக்ஸ் மூடியை மேலே தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். அடுத்து சாம்பார் சாதம் நிறைந்த டிபன் பாக்ஸைப் போட்டுப் பிடியுங்கள். எது கையை அதிகம் இழுக்கிறது? ஹார்னெட்டின் பின் ஷாக் பிடிப்பது இரண்டாவதை.

"அப்படின்னா டாமியாக்காரனுக்கு அறிவில்லையா?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். அறிவு இருக்கிறது. தனித்தனிக் கை என்றால் அதற்கு மூட்டுகள், சுழலும் தண்டுகள், கூடுதல் ஸ்க்ரூக்கள் என்று பாகங்கள் பெருகும், விலையும் ஏறும். முதன்முதலாக வண்டி பூட்டுகிற பையனுக்கு இது போதும், சுவரில் மோதினாலும் தாங்க வேண்டும் என்று யோசித்துச் செய்தது ஹார்னெட். இத்தனை வருடம் கழித்தும் நம் மைதானத்தில் அது ஓடுகிறது என்பதே அந்த யோசனைக்குச் சான்று.

இப்போது ஷாக்குக்கு வருகிறேன். ஷாக்கில் இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங். அவர் அடியை வாங்கிக்கொள்வார். ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். கட்டில் ஸ்பிரிங் மேல் குதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொருவர் எண்ணெய். ஷாக்கின் குழாய்க்குள் எண்ணெய் இருக்கும், அதற்குள் சிறு துளைகள் போட்ட ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கலில் வேகம் குறைந்து, அந்தச் சக்தி வெப்பமாகிவிடும். திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. குதிப்பு அடங்கும். கிராஸ்ஹாப்பரின் பின்பக்கம் எண்ணெய் கிடையாது, ஹார்னெட்டுக்கு உண்டு. அண்ணனைவிடத் தம்பி ஒரு படி மேல் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எண்ணெய் உள்ளே இருந்தால்தானே?

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். விதியை மீறவில்லை, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை மேசையில் நிறுத்தி, ஒவ்வொரு வண்டியையும் மட்டமாகப் பிடித்து, ஸ்கேல் உயரத்திலிருந்து பின்பக்கம் முதலில் தரை தொடாதபடி நேராக விட்டேன். இரண்டாம் எண் வண்டி தொப்பென்று விழுந்து, ஒரு தடவை லேசாக எழும்பி, நின்றுவிட்டது. ஒன்றாம் எண் வண்டி? டப், டப், டப், டப். நான்கு தடவை துள்ளி, கடைசியில் இடது பக்கமாகத் திரும்பி நின்றது. பத்துத் தடவை செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அதே கதை. அதன் இடது ஷாக்கின் அடியில் விரலை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. எண்ணெய் எப்போதோ கசிந்து போய்விட்டது. இடது ஷாக் இப்போது வெறும் ஸ்பிரிங்.

இந்த இரண்டு வண்டியில் எது கிடைக்கும் என்று நாம் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கு அணி, இரண்டு வண்டி. இரண்டு அணிக்குத் தவளை, இரண்டு அணிக்குக் குளவி. "யாரும் எதையும் மாற்றவில்லை, ஆகவே எல்லோருக்கும் சமம்" என்கிறது நான்காவது விதி. எப்படிச் சமம்? 2024 கண்காட்சியில் ஒன்றாம் எண் வண்டி விழுந்த இரண்டு அணியும் கடைசி இரண்டு இடத்தில் வந்தன. "ஒரு வருஷத்தை வச்சு முடிவுக்கு வரக் கூடாதுப்பா, ஓட்டுனவங்க சரியில்லாமலும் இருக்கலாம்" என்று கணக்கு மிஸ் சொன்னார்கள். நியாயம்தான். அதனால் அந்த முடிவை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. ஸ்கேல் சோதனையை மட்டும் காட்டுகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். பந்தயத்துக்கு முன்னால் இரண்டு வண்டியின் 7.2 வோல்ட் பேட்டரியையும் ஒரே நேரம் சார்ஜ் போடுகிறோம். டயரில் ஒட்டிய மண்ணைத் துடைக்கிறோம். சக்கரத்தின் நட்டை இறுக்குகிறோம். இதெல்லாம் ‘தொடுவது’ இல்லையா? இதையெல்லாம் சமமாக இருக்கட்டும் என்றுதானே செய்கிறோம்? எண்ணெய்க்கு மட்டும் ஏன் இந்தத் தீண்டாமை?

(வலது தாளுக்கு வந்தவர்களுக்கு நன்றி.)

இப்போது அந்தச் சிவப்புக் கோட்டுக் கதை. இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

2023 நவம்பர் கண்காட்சி. நான் ஒன்பதாம் வகுப்பு. பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, வண்டி குதிப்பதை நிறுத்திக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு வேகம். ஷாக் என்றால் என்ன என்று அப்போது எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. குதிப்பது பின்பக்கம், ஆகவே பின்பக்கம் அசையாமல் செய்துவிட்டால் குதிக்காது. அவ்வளவுதான் என் அறிவு! பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி மடித்து, நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து, கியர்ப் பெட்டிக்கும் வண்டி உடம்புக்கும் இடையில் திணித்து, கேபிள் டை போட்டுக் கட்டினேன். சிமெண்டு வராந்தாவில் ஓட்டிப் பார்த்தேன். அடடா, ரயில் மாதிரி போனது. குதிப்பே இல்லை. யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அந்த வண்டி, நம்முடைய ஒன்றாம் எண், நெய்தல் அணிக்கு விழுந்தது. ஓட்டியது பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்றில் மூங்கில் பலகை மேட்டில் ஏறிப் பறந்து இறங்கியதும் ‘படக்’ என்று ஒரு சத்தம். ஷாக் வாங்கியிருக்க வேண்டிய அடியை நான் வாங்கவிடாமல் அடைத்துவிட்டேன். அந்த அடி எங்கேயாவது போக வேண்டுமே? பிளாஸ்டிக் உடம்பில் கியர்ப் பெட்டி பிணைந்திருக்கும் இடம் பிளந்தது. மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது ஷாக்கின் தண்டு வளைந்தது. மரத்துண்டு எங்கேயோ தெறித்துப் போனது. அதை யாரும் பார்க்கவில்லை.

"கண்மூடித்தனமா ஓட்டுனா இப்படித்தான்" என்று கூட்டத்தில் சொன்னார்கள். அக்கா "மெதுவாத்தான் போனேன், பின்னாடி ஏதோ இறுகின மாதிரி இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாரிடம் மட்டும் சொன்னேன். சார் திட்டவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருடத்திலிருந்து இந்தத் தடை வந்தது. சிங்கப்பூர் அண்ணன் புது உடம்புப் பாகம் அனுப்பி வைத்தார். வளைந்த தண்டை மட்டும் தட்டி நிமிர்த்திப் போட்டார்கள். அந்த ஷாக்கில்தான் இன்று எண்ணெய் இல்லை. நிமிர்த்திய தண்டு ரப்பர் சீலை அரித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆக, நான் செய்த தப்பை அந்த விதி அப்படியே பூட்டுப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வருடா வருடம் சீட்டுக் குலுக்கி இரண்டு அணிக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கிறோம்.

அந்த அக்கா இப்போது கல்லூரியில் படிக்கிறார். போன தீபாவளி விடுமுறையில் பேருந்து நிலையத்தில் பார்த்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்கிட்ட சொல்றது இருக்கட்டும்டா, அன்னிக்கு சிரிச்சவங்ககிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இல்லை. இப்போது சொல்கிறேன். வண்டி உடைந்தது அக்கா ஓட்டியதால் அல்ல. என்னால்.

சரி. என் மேல் தப்பு இருக்கும்போது நானே தடையை எதிர்க்கலாமா என்று கேட்பீர்கள். வண்டியைத் தொட்டதால் மட்டும் அது உடையவில்லை. தெரியாமல் தொட்டேன், யாரிடமும் சொல்லாமல் தொட்டேன். ஆய்வகத்தில் ஒருவன் அமிலத்தைக் கொட்டிவிட்டான் என்று உப்புப் பகுப்பாய்வையே நிறுத்திவிடுவதில்லையே. கோட் போடு, சார் முன்னால் செய் என்கிறார்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கட்சி இருக்கிறது. அவர்களையும் விடப்போவதில்லை. "எதுக்கு இந்த எண்ணெய் வேலை? அப்பாகிட்ட சொல்லி ஆன்லைன்ல அலுமினியம் ஷாக் வாங்கிப் போட்டுடலாம். பின்பக்கத்தையே தனித்தனிக் கையா மாத்துற செட்டுகூட கிடைக்கும்" என்கிறார்கள் சில நண்பர்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். தனித்தனிக் கையாக மாற்றினால் வண்டி நன்றாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது ஹார்னெட்டா? அடுத்த வருடம் இன்னொரு அணி அதைவிட விலை உயர்ந்ததைக் கொண்டுவரும். மருதம் அணியில் கடந்த வருடம் பாதிப் பேர் கண்காட்சிக் கட்டணமே தவணையில் கொடுத்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? பந்தயம் நான்கு அணிகளின் கைகளுக்கு இடையில் நடக்கட்டும். அப்பாக்களின் பர்சுகளுக்கு இடையில் வேண்டாம்.

நான் கேட்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம். ஷாக் குழாயின் உள்ளே மட்டும் கைவைக்க அனுமதி. எண்ணெய், சீல், ஸ்பிரிங். அவ்வளவே.

இது எனக்கு எப்படித் தெரியும்? போன கோடை விடுமுறையில் இரண்டு குருநாதர்கள் கிடைத்தார்கள். முதல் குரு பேருந்து நிலையத்துக்கு எதிரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன். பைக்கின் பின் சீட்டை இரண்டு கையால் அமுக்கி விடுவார். "பாரு, ஒரு தடவை எழும்பி நின்னுடணும். ரெண்டு மூணு தடவை ஆடுச்சுன்னா ஷாக்கப்சர் போச்சுன்னு அர்த்தம்." என் ஸ்கேல் சோதனைக்கு அப்பா அவர்தான். ஆர்வத்தில் அவரிடம் ஃபோர்க் ஆயில் கொஞ்சம் வாங்கி, கோயம்புத்தூரில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணனின் பக்கியில் ஊற்றிப் பார்த்தேன். அந்த அண்ணன்தான் இரண்டாவது குரு. என்னைத் தலையில் குட்டிவிட்டு, "இதுக்கு சிலிக்கான் எண்ணெய்தான் போடணும். இந்த எண்ணெய் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை ஊத வச்சிடும்" என்றார். ஊதித்தான் போனது. வளையம் மாற்ற என் உண்டியல் காலி.

எண்ணெய் ஊற்றுவதில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. குழாயை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுக்கக் கீழே இழுத்து, விளிம்பு வரை எண்ணெய் விட வேண்டும். பிறகு தண்டை மெ...து...வா...க மேலும் கீழும் அசைக்க வேண்டும். பிஸ்டனுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். அவசரப்பட்டு மூடினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். பிஸ்டன் காற்றில் போகும்போது எதிர்ப்பே இருக்காது, எண்ணெயில் போகும்போது மட்டும் இருக்கும். கையில் வைத்து அமுக்கினால் ‘சப் சப்’ என்று சத்தம் கேட்கும். ஒரு டீ குடிக்கிற நேரம் அப்படியே நிறுத்தி வைத்து, குமிழி அடங்கிய பிறகே மூட வேண்டும். இடதும் வலதும் ஒரே மாதிரி வந்ததா என்று இரண்டையும் இரண்டு கையில் வைத்து ஒன்றாக அமுக்கிப் பார்க்க வேண்டும். எனக்கு ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது.

எந்தக் கெட்டியில் ஊற்றுவது? குப்பியின் மேல் ஓர் எண் இருக்கும். சென்டிஸ்டோக் என்ற அளவு. தண்ணீர் ஏறக்குறைய 1. அந்த அண்ணன் ஊற்றியது 350. கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று 1000 ஊற்றச் சொல்லி அடம்பிடித்தேன். ஊற்றினோம். மேசையில் போட்டால் அசையாமல் நின்றது, எனக்கு வாயெல்லாம் பல். மண்ணில் ஓட்டினால் சொதப்பல். மேட்டில் ஏறி அமுங்கிய சக்கரம், அடுத்த மேடு வருவதற்குள் திரும்ப இறங்க முடியவில்லை. எண்ணெய் அவ்வளவு கெட்டி. சக்கரம் மண்ணைத் தொடாமலே அடுத்தடுத்த மேடுகளில் தட்டித் தட்டிப் போனது. அது என் பழைய மரத்துண்டின் தம்பி என்று எனக்கு உடனே புரிந்தது. குதிப்பதும் கெடுதி, அசையாமல் இருப்பதும் கெடுதி.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையம் சொருகினால் ஸ்பிரிங் ‘கடினமாகிவிடும்’ என்று நம் மன்றத்தில் பலர் சொல்கிறார்கள். ஆகாது. வண்டியின் பின்பக்க உயரம் கூடும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு கூடுதல் பலம் வேண்டுமோ அது அந்தக் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது, வளையத்தில் இல்லை. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஹூக் விதியைப் படிப்பவர்கள் யோசித்துப் பாருங்கள். நான் அந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டதே இந்த ஷாக்கால்தான், புத்தகத்தால் இல்லை. (சார் மன்னிக்கவும்.)

சார் சொல்லும் காரணங்களில் ஒன்றுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "இன்னிக்கு எண்ணெய்னு ஆரம்பிப்பீங்க, நாளைக்கு மோட்டாரை மாத்தலாமான்னு வருவீங்க" என்கிறார். வருவோம்தான். நம் ஆட்களை எனக்குத் தெரியும். அதனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயை வடித்துப் பழையதை ஊற்றலாம், ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதைப் போடலாம். ஆனால் பிஸ்டனின் துளையை ஊசி வைத்துப் பெரிதாக்கினால் போனது போனதுதான், ஆகவே அது கூடாது. வெட்டுவது, துளைப்பது, ஒட்டுவது, கட்டுவது எதுவும் கூடாது. கட்டுவது கூடாது என்பதை நானே சொல்கிறேன் பாருங்கள்!

எண்ணெயை மன்றமே வாங்கட்டும். சில நூறு ரூபாய் ஆகும், பழைய பேப்பர் விற்ற பணத்தில் முடியும். இரண்டு மூன்று எண்ணில் வாங்கி அலமாரியில் வைத்தால் நான்கு அணிக்கும் அதே குப்பிதான். ஒன்றாம் எண் வண்டிக்கு ஒரு ஜோடி ஷாக் தண்டும் சீலும் வேண்டும். அதற்கு என் பங்கை நான் தருகிறேன், தர வேண்டிய கடமையும் உண்டு. ஒவ்வொரு அணியும் என்ன செய்தது, ஏன் செய்தது, ஸ்கேலில் எத்தனை துள்ளல் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு ஆய்வக மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். குறிஞ்சிக்காரர்கள் முல்லையின் நோட்டைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள் என்றால் அடிக்கட்டுமே. பரீட்சையா இது?

சிறு வகுப்புப் பிள்ளைகள் வண்டியைக் கழற்றி ஸ்க்ரூவைத் தொலைத்துவிடுவார்கள் என்று உதவியாளர் அண்ணன் கவலைப்படுகிறார். தொலைக்கத்தான் செய்வார்கள். நானும் தொலைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றினால் பாதி கவலை தீரும். மீதிக்கு மெக்கானிக் அண்ணன் கடையில் காந்தம் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

நான்காவது விதியை எடுப்பதா வேண்டாமா என்று வரும் திங்கட்கிழமை அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேசலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் இரண்டு வண்டியும் ஆய்வக மேசையில் இருக்கும். ஸ்கேலும் இருக்கும். நான் வண்டியைத் தொட மாட்டேன். சந்தேகம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் வந்து, நீங்களே தூக்கிப் பிடித்து, நீங்களே விட்டு, எத்தனை தடவை துள்ளுகிறது என்று எண்ணுங்கள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வரவும்.

இப்படிக்கு,
முல்லை அணி மாணவன்,
பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.